இருளில் எழுந்த காவியம்
மகாகவி மில்டன் வாழ்க்கை வரலாறு

மனிதன் தன் வாழ்வுக்கென்று ஒரு பாதையை வகுத்துக்கொள்வது இயல்பு. கற்ற கல்வி, பெற்றோர் விருப்பம், உள்ளத்தில் ஊன்றிய ஆசை ஆகிய மூன்றும் சேர்ந்து அப்பாதையைச் செப்பனிடுகின்றன. நடுவழியில் அது அடைபட்டுப் போகும்போதுதான், அவன் கொண்டிருந்த இறைநம்பிக்கை எத்தன்மையது என்பது தெரியவருகிறது. வழி திறந்திருக்கும் நாளில் இறைவனை நம்புவது எளிது. வழி அடைபட்ட நாளில் நம்புவதற்கு வேறொரு வலிமை வேண்டும். அவ்வலிமையைத் தம் வாழ்வால் காட்டிச் சென்றவர் ஆங்கில மகாகவி ஜான் மில்டன்.

அவருடைய 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தின் பெயரைத் தமிழ் இலக்கிய அன்பர்கள் நன்கு அறிவர். வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் அக்காவியத்தைத் தமிழ்ச் செய்யுளில் தர முற்பட்டு, 'சுவர்க்க நீக்கம்' என்னும் நூலை 1895-இல் வெளியிட்டார். காவியத்தை அறிந்தவர் பலர் எனினும், அது எத்தகைய வாழ்விலிருந்து பிறந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் காண்போம்.

இளமையும் எண்ணமும்

மில்டன் 1608-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிரெட் தெருவில் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் மில்டன் என்பதே. பத்திரங்கள் எழுதுவதும் பணம் கடனாகக் கொடுப்பதும் அவருடைய தொழில்கள். இசையிலும் வல்லவராகிய அவர், பண்கள் பல அமைத்துள்ளார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து சீர்திருத்தச் சபையைத் தழுவியதனால் தம் தந்தையின் சொத்தில் பங்கின்றி விலக்கப்பட்டவர் அவர். மனச்சான்றின் பொருட்டு இழப்பை ஏற்பது அக்குடும்பத்திற்குப் புதிதன்று.

மகனின் அறிவுத்திறத்தை இளமையிலேயே உணர்ந்த தந்தையார், வீட்டில் தனி ஆசிரியரை அமர்த்தியும் புனித பவுல் பள்ளிக்கு அனுப்பியும் கற்பித்தார். பன்னிரண்டு வயது முதல் நள்ளிரவுக்கு முன் தாம் படுக்கைக்குச் சென்றது அரிது என்று மில்டன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கற்ற அக்கல்வியே தம் கண்களின் நலிவுக்கு முதற்காரணம் என்றும் அவர் கருதினார்.

1625-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து, 1629-இல் இளங்கலைப் பட்டமும் 1632-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். குருத்துவப் பணியில் அமர்த்தவேண்டும் என்பது பெற்றோர் எண்ணம். மகனும் அதற்கு இசைந்திருந்தார். 1629-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளையொட்டி, கிறிஸ்துவின் பிறப்பைப் பாடும் நெடும்பாடல் ஒன்றை இயற்றினார். அப்போது அவருக்கு வயது 21. பிரசங்கபீடமும் கவிதையும் ஒன்றாய் இணைந்த வாழ்வே அவர் கண்முன் விரிந்திருந்தது.

முதல் திருப்பம்

அந்நாளில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆட்சி பேராயர் லாட் அவர்களின் இறுக்கமான பிடியில் இருந்தது. அக்கட்டுப்பாடுகளுக்கு மனமொப்பிக் கையெழுத்திட்டுக் குருவாக மில்டனால் இயலவில்லை. ஆயர்களே தம்மைத் திருச்சபைப் பணியிலிருந்து வெளியேற்றிவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். முதற்கதவு இவ்வாறு அடைபட்டது.

பட்டம் பெற்ற இளைஞர் வேலை எதிலும் அமராமல் தந்தையார் இல்லத்தில், முதலில் ஹாமர்ஸ்மித்திலும் பின்னர் ஹார்ட்டன் என்னும் சிற்றூரிலும், ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தங்கிக் கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளில் எழுந்த நூல்களைக் கற்றார். உடன் பயின்றோர் பதவிகளில் உயர்ந்துகொண்டிருந்தனர். காலம் வீணாகிறதோ என்ற ஐயம் அவருக்கும் எழாமலில்லை. எனினும், கடவுள் ஒரு பெரும்பணிக்குத் தம்மை ஆயத்தப்படுத்துகிறார் என்னும் உறுதி அவரிடம் இருந்தது.

1637-இல் தாயார் மறைந்தார். அதே ஆண்டில் கல்லூரித் தோழர் எட்வர்ட் கிங் ஐரிஷ் கடலில் கப்பல் மூழ்கி மாண்டார். குருப்பணிக்கென ஆயத்தமாகிவந்த அவர் கவிதை இயற்றுவதிலும் ஈடுபட்டவர். ஓர் இளைஞன் பல்லாண்டு தன்னைப் பண்படுத்திக்கொண்டு, பணி தொடங்குமுன்பே மறைந்துவிடுமாறு இறைவன் ஏன் விடுகிறார் என்னும் வினா மில்டனை உலுக்கியது. 'லிசிடஸ்' என்னும் இரங்கற்பா அவ்வினாவிலிருந்து பிறந்தது. நண்பருக்காக அவர் எழுப்பிய வினா, பின்னர் அவருக்கே உரிய வினாவாயிற்று.

1638-இல் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பிளாரன்ஸ் நகரத்துக் கல்விக்கழகங்கள் அவரைப் போற்றி வரவேற்றன. திருச்சபையின் தீர்ப்பால் வீட்டுக்காவலில் இருந்த முதியவர் கலிலியோவை அவர் சந்தித்தார். வானத்தைத் தொலைநோக்கியால் அளந்த அக்கண்கள் ஒளி இழந்துபோயிருந்த காலம் அது. நேப்பிள்ஸ் வரை சென்று, சிசிலிக்கும் கிரேக்க நாட்டிற்கும் செல்லவிருந்த நேரத்தில், தாய்நாட்டில் மன்னருக்கும் மக்களுக்கும் பூசல் முற்றுகிறது என்னும் செய்தி எட்டியது. உடன்பிறந்த நாட்டவர் உரிமைக்காகப் போராடும் வேளையில் தாம் இன்பப் பயணம் செய்வது தகாது எனக் கருதிக் கிரேக்கப் பயணத்தைக் கைவிட்டார். 1639-இல் இங்கிலாந்து திரும்பினார். அவர் வெளிநாட்டிலிருந்த காலத்திலேயே உயிர்நண்பர் சார்லஸ் டியோடாட்டியும் இறந்துபோயிருந்தார்.

இடக்கையின் பணி

இலண்டனில் மில்டன் தம் தமக்கையின் மைந்தர் இருவருக்கும் வேறு சிலருக்கும் பாடஞ்சொல்லும் ஆசிரியராக வாழ்ந்தார். உள்ளத்தில் காவியக் கனவு வளர்ந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பேடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் உள்ளது. ஏறத்தாழ நூறு கதைப்பொருள்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியை நாடகமாக எழுதும் திட்டமும் அவற்றுள் ஒன்று.

ஆனால் நாட்டின் நிலை அவரைக் கவிதையிலிருந்து இழுத்துச் சென்றது. 1641, 1642 ஆம் ஆண்டுகளில் ஆயர் ஆட்சியை எதிர்த்து ஐந்து துண்டு நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றில், தாம் பிறந்தது கவிதைக்கே என்றும், உரைநடைத் தர்க்கம் இடக்கையால் செய்யும் வேலை போன்றதே என்றும் வாசகரிடம் மனந்திறந்து கூறினார். நாட்டுக்கொரு காவியம் பாடும் கடன் தமக்கு உண்டு; சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அச்சில ஆண்டுகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாயின.

1642-இல் மேரி பவல் என்னும் பதினேழு வயது மங்கையை மணந்தார். மணமகனுக்கு வயது 33. மன்னர் கட்சிக் குடும்பத்தில் ஆரவாரத்தோடு வளர்ந்த அப்பெண்ணுக்கு நூல்கள் நிறைந்த அமைதியான இல்லம் ஒவ்வவில்லை. ஒரு மாதமளவில் தாய்வீடு சென்றவர், மூன்று ஆண்டுகள் கழித்தே திரும்பினார். இடைப்பட்ட காலத்தில், மனப்பொருத்தம் இல்லாத திருமணத்தை நீக்க உரிமை வேண்டும் என்று மில்டன் நூல்கள் எழுதினார். அவரோடு சேர்ந்து நின்ற சமயத் தலைவர்களே அவரைப் பழித்தனர். அரசின் முன்னனுமதி இன்றி நூல்கள் வெளிவர உரிமை வேண்டும் என்று அவர் 1644-இல் எழுதிய 'அரியோபகிட்டிகா' உலக உரைநடை இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. அன்றோ அது நாடாளுமன்றத்தின் மனத்தை மாற்றவில்லை.

1649 ஜனவரி 30-ஆம் நாள் மன்னர் முதலாம் சார்லஸ் மரணதண்டனைக்கு உள்ளானார். குடியரசு மலர்ந்தது. மார்ச்சுத் திங்களில் மில்டன் அரசுக் குழுவின் அயல்மொழிச் செயலாளராக அமர்த்தப்பட்டார். அயல்நாடுகளுக்குச் செல்லும் இலத்தீன் மடல்களை வரைவதும், குடியரசின் சார்பில் வாதிடுவதும் அவர் கடமைகள். கடவுளின் ஆட்சி இங்கிலாந்து மண்ணில் உருப்பெறுகிறது என்றே அவர் நம்பினார்.

ஒளி மறைந்தது

அந்நாளில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்த அறிஞர் சல்மேசியஸ், கொல்லப்பட்ட மன்னருக்காக வாதாடி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதற்கு மறுப்பெழுதும் பொறுப்பு மில்டனிடம் வந்தது. ஒரு கண் ஏறக்குறைய ஒளி இழந்திருந்தது. இப்பணியை மேற்கொண்டால் எஞ்சிய பார்வையும் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். மில்டன் தயங்கவில்லை. கண்ணைக் காத்துக் கடமையை விடுவதா, கடமையைக் காத்துக் கண்ணை விடுவதா என்ற வினாவுக்கு அவர் தேர்ந்த விடை 1651-இல் வெளிவந்த அம்மறுப்பு நூலாகும். 1652-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு கண்களும் முற்றிலும் இருண்டன. அவருக்கு வயது 43.

துன்பம் தனித்து வரவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் மனைவி மேரி, டெபோரா என்னும் பெண்மகவை ஈன்ற சில நாட்களில் இறந்தார். அடுத்த மாதமளவில் ஒரே மகனாகிய குழந்தை ஜானும் இறந்தான். தாயற்ற மூன்று பெண் குழந்தைகளோடு பார்வையற்ற தந்தை எஞ்சினார்.

எதிரிகள் இதனைக் கண்டு மகிழ்ந்தனர். மன்னரைக் கொன்றோருக்கு வாதாடியவனின் கண்களைக் கடவுளே பறித்தார் என்று எழுதினர். தம் உடற்குறையைத் தெய்வ தண்டனை என்று பிறர் கூறக்கேட்பது எத்துணைக் கொடியது! 1654-இல் வெளியிட்ட இரண்டாம் மறுப்பு நூலில் மில்டன் இதற்கு விடையிறுத்தார். தம் மனச்சான்றை ஆராய்ந்து பார்த்ததாகவும், இத்தண்டனைக்குரிய பெருங்குற்றம் எதனையும் அங்குக் காணவில்லை என்றும் கூறினார். தம்மைச் சூழ்ந்த இருளை இறைவனின் சிறகு நிழலாக அவர் எண்ணினார். யோபுவின் நண்பர்கள் யோபுவிடம் கூறியதையே எதிரிகள் மில்டனிடம் கூறினர். யோபுவைப் போலவே அவரும் தம் நேர்மையை விட்டுக்கொடாமல் இறைவனைப் பற்றிக்கொண்டார்.

பிறருக்கு எழுதிய விடை இது. தமக்குள்ளே எழுந்த கேள்வி இதனினும் கடினமானது. விவிலியத்தில் தாலந்துகளின் உவமை உண்டு. தலைவன் கொடுத்த தாலந்தைப் பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்த ஊழியன் புறம்பான இருளில் தள்ளப்படுகிறான். மில்டனிடம் இருந்த தாலந்து கவிதை. அதனைப் பயன்படுத்துமுன்பே அவர் இருளில் தள்ளப்பட்டுவிட்டார். கணக்குக் கேட்கும் நாளில் என்ன விடை கூறுவது? ஒளியைப் பறித்த தலைவன், பகலில் செய்யவேண்டிய வேலையையும் கேட்பானோ? பார்வை இழந்த பின் அவர் இயற்றிய பதினான்கடிப் பாடல் ஒன்று இவ்வினாவையே முன்வைக்கிறது. முறையீடாய்த் தொடங்கும் அப்பாடல், பொறுமையின் குரலால் அடங்குகிறது. கடவுளுக்கு மனிதனின் உழைப்பும் வேண்டியதில்லை, அவர் தந்த கொடைகளைத் திருப்பித் தருவதும் வேண்டியதில்லை. கட்டளைக்குக் காத்து நிற்பதும் ஊழியமே என்னும் தெளிவோடு அது முடிகிறது.

இத்தெளிவைச் சோம்பலின் சமாதானம் என்று எவரும் கருதவேண்டா. 1653 ஆகஸ்டில், தாவீதின் சங்கீதங்களுள் முதல் எட்டையும் மில்டன் ஆங்கிலச் செய்யுளாக்கினார். துணைவரோடு அரசுப் பணியையும் தொடர்ந்து செய்தார். காத்திருத்தல் என்பது அவருக்குக் கைகட்டி அமர்ந்திருத்தலாக இருந்ததில்லை.

1656-இல் கேத்தரின் உட்காக் என்னும் பெண்மணியை மணந்தார். அவர் முகத்தை மில்டன் கண்டதில்லை என்பர். 1658 பிப்ரவரியில் அவரும், அடுத்த மாதம் அவர் ஈன்ற குழந்தையும் மறைந்தனர். இறந்த மனைவி கனவில் தோன்றி, விழித்தவுடன் மறைவதாக அமைந்த பாடல் மில்டனின் உருக்கமான பாடல்களுள் ஒன்று. கண்ணிழந்தோருக்குக் கனவே பகல்; விழிப்பே இரவு.

வீழ்ச்சி

1658 செப்டம்பரில் கிராம்வெல் இறந்தார். குடியரசு தள்ளாடியது. மன்னராட்சியை மீண்டும் அழைக்க மக்கள் துடித்தனர். 1660-இன் தொடக்கத்தில், எல்லாம் கைநழுவிய வேளையில், குடியரசை நிலைநிறுத்தும் வழியைக் கூறும் நூலொன்றை மில்டன் துணிந்து வெளியிட்டார். கேட்பாரில்லை. மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் இலண்டனுக்குள் நுழைந்தார். தெருக்களில் ஆரவாரம், மில்டன் நண்பர் ஒருவர் வீட்டில் ஒளிந்திருந்தார்.

ஆகஸ்டில் அவருடைய நூல்கள் தூக்கிலிடுவோன் கையால் எரிக்கப்பட்டன. பின்னர் அவரும் சிறைப்பட்டார். உயிர் தப்புவது அரிதென்றே பலர் எண்ணினர். முன்பு அவருடைய துணைவராகப் பணியாற்றியவரும் கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமாகிய ஆண்ட்ரூ மார்வெல் முதலியோர் அவருக்காகப் பரிந்துரைத்தனர். பொதுமன்னிப்புச் சட்டத்தின் கீழ் டிசம்பரில் விடுதலை பெற்றார். சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. 1661-இல் கிராம்வெல்லின் உடல் கல்லறையிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கில் தொங்கவிடப்பட்டது. நண்பர் ஹென்றி வேன் 1662-இல் தலை வெட்டப்பட்டார்.

இந்நிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். கண் போனது ஓர் இழப்பு. எந்தப் பணிக்காகக் கண்ணைக் கொடுத்தாரோ அப்பணியே பயனற்றுப் போனது அதனினும் பேரிழப்பு. கடவுளின் செயல் என்று இருபது ஆண்டுகள் நம்பி உழைத்தது ஒரே மாதத்தில் சரிந்துவிட்டது. கடவுள் எதிரிகளின் பக்கம் நின்றாரோ என்று ஐயுறுவதற்கு இதனினும் வலிய காரணம் வேறென்ன வேண்டும்? நம்பிக்கையை விட்டுவிட்டிருந்தால் அவரைக் குறைகூறுவார் இல்லை.

காவியம் பிறந்தது

மில்டன் நம்பிக்கையை விடவில்லை, வினாவையும் விடவில்லை. நல்லவனாகிய இறைவன் படைத்த உலகில் வீழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது, அவன் நடத்தும் வழிகள் நீதியானவையா என்பதையே காவியப் பொருளாக எடுத்துக்கொண்டார். இளமையில் அவர் பாட நினைத்தவற்றுள் ஆர்தர் மன்னனின் வீரக்கதையும் ஒன்று. வென்ற நாட்டின் புகழைப் பாடியிருக்கவேண்டிய கவிஞர், தோற்ற மனிதகுலத்தின் கதையைப் பாடினார்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலம் முதல் இளவேனில் வரையே கவிதை தடையின்றி ஊறியது என்று அவருடைய மருமகனும் வரலாற்றாசிரியருமான எட்வர்ட் பிலிப்ஸ் எழுதியுள்ளார். இரவிலும் விடியலுக்கு முன்னும் அடிகள் மனத்தில் உருவாகும். காலையில் எழுதுவோர் வரத் தாமதமானால், கறவைக்குக் காத்திருக்கும் பசுவைப் போல் தாம் காத்திருப்பதாக அவர் கூறுவாராம். வந்தவர் எவராயினும் எழுதித் தரவேண்டும். பின் அதனைப் படிக்கக் கேட்டுத் திருத்துவார். பத்தாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட காவியம் இவ்வாறு செவியாலும் நினைவாலும் கட்டப்பட்டது. இளமையில் நள்ளிரவு வரை கற்றவை யாவும், நூலைப் பார்க்க இயலாத நாளில் உள்ளிருந்து எழுந்து உதவின. வீண்காலமோ என்று ஐயுற்ற ஹார்ட்டன் ஆண்டுகள் இப்போது பயன் தந்தன.

1663-இல் எலிசபெத் மின்ஷல் என்பவரை மூன்றாவதாக மணந்தார். 1665-இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, அவருக்கு நூல்கள் படித்துக்காட்டி வந்த தாமஸ் எல்வுட் என்னும் குவேக்கர் இளைஞர், சால்பாண்ட் செயின்ட் ஜைல்ஸ் சிற்றூரில் ஒரு குடில் அமர்த்திக் கொடுத்தார். அக்குடில் இன்று மில்டன் நினைவில்லமாக விளங்குகிறது. அங்கே மில்டன் காவியத்தின் கைப்படியை எல்வுட்டிடம் தந்து கருத்துக் கேட்டார். சொர்க்கத்தை இழந்த கதையைப் பாடினீர்கள், மீட்ட கதையை ஏன் பாடவில்லை என்று அவ்விளைஞர் வினவினார். கிறிஸ்துவின் வனாந்தர சோதனையைப் பாடும் 'மீண்ட சொர்க்கம்' அவ்வினாவால் தோன்றியது என்பர்.

1666 செப்டம்பரில் இலண்டன் பெருந்தீயில் அவர் பிறந்த பிரெட் தெருவும், பயின்ற பள்ளியும் சாம்பலாயின. மறு ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சாமுவேல் சிம்மன்ஸ் என்னும் அச்சகத்தாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். கையில் பெற்ற தொகை 5 பவுன். முதற்பதிப்பில் 1,300 படிகள் விற்றால் மேலும் 5 பவுன். 1667-இல் 'இழந்த சொர்க்கம்' பத்துக் காண்டங்களாக வெளிவந்தது; 1674-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டாக வகுக்கப்பட்டது.

மூன்றாம் காண்டத்தின் தொடக்கத்தில் கவிஞர் ஒளியை வணங்கிப் பாடுகிறார். பருவங்கள் மாறி வந்தாலும் தமக்குப் பகல் வருவதில்லை என்று வருந்துகிறார். மனித முகம் காணாத ஏக்கத்தை மறைக்கவில்லை. அதன் பின்னரே உள்ளொளியை வேண்டுகிறார். ஏக்கமும் நம்பிக்கையும் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றன. துயரத்தை மறுப்பது நம்பிக்கையாகாது என்பதை இப்பகுதி நமக்குத் தெளிவிக்கிறது.

காவியத்தின் முடிவும் எண்ணத்தக்கது. வீழ்ந்த ஆதாம் ஏவாளைக் கவிஞர் ஏதேனிலேயே விட்டுவிடவில்லை. உடனே மீட்டுச் சேர்க்கவுமில்லை. மிகாயேல் தூதன் வருங்காலத்தைக் காட்டியபின் இருவரும் தோட்டத்தை நீங்குகின்றனர். கண்ணீர் உண்டு, அதனைத் துடைத்துக்கொள்ளும் மனமும் உண்டு. முன்னே இருப்பது அறியாத உலகம். துணையிருப்பது தெய்வப் பராமரிப்பு. 1660-இல் தம் கனவு நாட்டை இழந்த ஒருவரே இவ்விடத்தில் காவியத்தை முடித்திருக்க இயலும்.

குறையும் நிறையும்

மில்டனைக் குறையற்ற முனிவராகக் காட்டுவது உண்மைக்கு மாறாகும். பெண்மக்களுக்குப் பொருள் விளங்காத மொழிகளில் எழுத்தைக் கூட்டி வாசிக்க மட்டும் பயிற்றி, மணிக்கணக்கில் படிக்கச் செய்தார். அவர்கள் வெறுப்புற்றுப் பிரிந்து வாழ்ந்தனர். தந்தையும் அவர்களை மன்னித்தார் என்பதற்கில்லை. தமக்காகக் காத்திருக்கும் பொறுமையை இறைவனிடம் கற்றவர், பிறரிடம் காட்டும் பொறுமையை இல்லத்தில் கற்கவில்லை. திரித்துவக் கோட்பாட்டிலும் அவர் திருச்சபையோடு முழுதும் ஒத்தவரல்லர் என்பது, 1823-இல் கண்டெடுக்கப்பட்ட அவருடைய இலத்தீன் சமயநூலால் உலகுக்குத் தெரியவந்தது. நம்பிக்கை ஒருவனின் எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் துடைத்துவிடுவதில்லை. இதை மறைத்து எழுதினால் வரலாறு அறவுரையாகச் சுருங்கிவிடும்.

1671-இல் 'மீண்ட சொர்க்கம்' நூலோடு 'சிம்சோன்' நாடகமும் வெளிவந்தது. கண்கள் பிடுங்கப்பட்டு, பகைவர் நடுவே மாவரைக்கும் சிம்சோனின் கதையில் கவிஞரின் சாயலைக் காணாதார் இல்லை. கீல்வாத நோய் அவரை வருத்தியது. கல்நெஞ்சரையும் கவரும் இசையை மட்டும் அவர் இறுதிவரை விடவில்லை. வலியின் நடுவிலும் பாடுவார் என்பர். 1674 நவம்பரில் அமைதியாக உயிர் நீத்தார். கிரிப்பிள்கேட் புனித ஜைல்ஸ் ஆலயத்தில் தந்தையாரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

வாழ்வு உணர்த்துவது

கடவுள் ஒரு காவியம் பெறுவதற்காக ஒரு மனிதனின் கண்களைப் பறித்தார் என்று இவ்வாழ்விலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. மில்டன் ஒருபோதும் அவ்வாறு கூறவில்லை. இழப்புக்கு ஈடாக இன்னது கிடைத்தது என்று கணக்கிடுவது வணிகம், நம்பிக்கையன்று. காவியம் எழுதப்படுமுன்பே, அது எழுதப்படுமா என்று அறியாத நிலையிலேயே, காத்து நிற்பதும் ஊழியம் என்று அவர் இசைந்துவிட்டார். அவருடைய நம்பிக்கையின் உயர்வு அங்கேதான் இருக்கிறது. காவியம் பின்னர் வந்தது.

அவர் விரும்பிய குடியரசு அவர் வாழ்நாளில் திரும்பவில்லை. கண்ணொளியும் திரும்பவில்லை. இறந்த மகனும் மனைவியரும் திரும்பவில்லை. கேட்டவை கிடைக்காமலே ஒரு மனிதன் இறைவனோடு வாழ்நாள் முழுதும் வழக்காடலாம், வழக்காடிக்கொண்டே அவரைப் பற்றிக்கொள்ளலாம் என்பதற்கு மில்டன் வாழ்வு சான்றாகிறது. அடைபட்ட கதவின் முன் நிற்கும் எவர்க்கும் அவர் தரக்கூடிய ஆறுதல் ஒன்று உண்டு: அங்கே நிற்கும் நேரமும் இறைவன் கணக்கில் சேரும். அந்நேரத்தில் கையில் உள்ள சிறு பணியைச் செய்துகொண்டிருத்தல் நம் கடன். சங்கீதங்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அப்பார்வையற்ற மனிதருக்கு, தம்முள்ளே ஒரு மகாகாவியம் காத்திருந்தது அன்று தெரியாது.